வலி பத்துக்கு இரண்டு

இடுப்பு வலி வந்தவளுக்குச் சங்ககிரியில் வைத்தியர் பஞ்சமே கிடையாது. பால் ஊற்றுகிறவர், பஞ்சர் ஒட்டுகிறவர், லோடு பிடித்துக் கொடுக்கும் புரோக்கர், ரேஷன் கடை வரிசையில் முன்னால் நின்ற அம்மாள் என்று ஆளுக்கொரு மருந்து வைத்திருந்தார்கள். ஒருவர் வெறுந்தரையில் படு என்றார். இன்னொருவர் தரையில் படுத்தால் கதை முடிந்தது என்றார். விளக்கெண்ணெய், எருக்கிலை ஒத்தடம், சுடுமணல் மூட்டை எல்லாம் பார்த்துவிட்டேன். இப்போது நன்றாக இருக்கிறேன். அதனால் நானும் அந்த வைத்தியர் கூட்டத்தில் சேர்ந்து உங்களுக்கு மருந்து சொல்லப் போவதில்லை. எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நான் லாரி ஓட்டுகிறவள். பெயர் சாந்தாமணி. என் வீட்டுக்காரர் சுப்பிரமணிக்குச் சொந்தமாக ஒரு வண்டி இருக்கிறது. கிளீனர் கிடைக்காமல் அவர் அல்லாடிய காலத்தில் பேச்சுத் துணைக்கு என்று ஏறினேன். ஏறியவள் சும்மா இருக்கவில்லை. ஹெவி லைசென்ஸ் எடுத்தேன். பகலில் நான், இரவில் அவர் என்று ஆனது. சேலத்து ஜவ்வரிசியை மகாராஷ்டிராவில் இறக்கிவிட்டு, வரும்போது வெங்காயம் ஏற்றி வருவோம். மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு எங்களுக்கு வீடே அந்த கேபின்தான். மெத்தையில் வராத தூக்கம் எனக்கு அங்கே வரும்.

ஒருநாள் மூட்டை ஏற்றி முடித்துத் தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டினேன். வழக்கமாகச் செய்கிற வேலைதான். இடுப்பில் சுளீரென்று பிடித்து, இடது கால் வழியாகக் குதிகால் வரைக்கும் இறங்கியது. கயிற்றைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன்.

"என்னாச்சு சாந்தா?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒண்ணுமில்லீங்க. செத்த நேரம் நிக்கறேன்."

அந்தச் செத்த நேரம் மாதக்கணக்கில் நீண்டது. எங்கள் வண்டியின் முதல் படி முழங்காலுக்கும் மேலே இருக்கும். கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, இடது காலைப் படியில் வைத்து, உடம்பை ஒரு எம்பு எம்பினால் உள்ளே போய்விடலாம். இப்போது காலை வைக்க முடிந்தது, எம்ப முடியவில்லை. வேறு வழியில்லாமல் ஒரு மாற்று டிரைவரை ஏற்றிக்கொண்டு அவர் கிளம்பினார். என் சீட்டில் வேறொருவர் உட்கார்ந்து கதவைச் சாத்தியதைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் நன்றாக இருக்காது.

அந்த மாற்று டிரைவர் நல்ல மனுஷர்தான். அதுதான் எனக்கு எரிச்சல். குடிப்பதில்லை, வேகமாக ஓட்டுவதில்லை. ஆயுத பூஜைக்குள் என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்கிறீர்களா இல்லையா என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வேறு வண்டி பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டிருந்தார். கேட்டதில் தப்பே இல்லை. நான் ஏறினால் அவர் இறங்குவார். நான் ஏறாவிட்டால் கடைசிவரை வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்க்க வேண்டியதுதான்.

முதலில் பார்த்த டாக்டர் ஆபரேஷன் என்றார். அந்தச் சொல்லைக் கேட்டு நான் பயந்ததைவிட என் வீட்டுக்காரர் பயந்ததுதான் அதிகம். வீட்டுக்கு வந்து, வண்டியின் துடைத்த கண்ணாடியையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். "இன்னொருத்தருகிட்டயும் காட்டிப் போடலாம்" என்று அவர்தான் சேலத்தில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். உட்காரவே முடியாத நிலையில் போனதால் சில நாள் அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள்.

எம்.ஆர்.ஐ. என்பது ஒரு குழாய்க்குள் படுக்கவைத்து உடம்பின் உள்ளே படம் எடுப்பது. வலிக்காது, ஆனால் சத்தம் காதைப் பிளக்கும். நாமக்கல் லாரி பாடி கட்டும் பட்டறையில் தகடு தட்டும்போது பக்கத்தில் படுத்திருப்பது போல இருந்தது. எனக்குப் பழகிய சத்தம் என்பதால் தூங்கிவிட்டேன். படம் எடுத்தவர் எழுப்பித்தான் வெளியே அனுப்பினார்.

பெரிய டாக்டர் படத்தைக் காட்டி விளக்கினார். முதுகெலும்பின் எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல வட்டுகள் இருக்கின்றன. எனக்குக் கீழ் முதுகில் ஒரு வட்டு பிதுங்கிக் காலுக்குப் போகும் நரம்பை இடிக்கிறது. குதிகால் வரை வலிப்பது அதனால்தான்.

"புஷ் தேஞ்சு வெளிய வந்துருச்சுன்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் லாரி ஓட்டியதில்லை போலிருக்கிறது, இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே மெத்தையாக இருக்கும் ரப்பர் புஷ் அவருக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர்தான் தலையாட்டினார்.

பிறகு டாக்டர் என்னைக் குதிகாலில் நடக்கச் சொன்னார், முன்னங்காலில் நடக்கச் சொன்னார். சிறுநீர் அடக்க முடிகிறதா, தொடை இடுக்கில் மரத்துப்போகிறதா என்று கேட்டார். இவற்றில் கோளாறு இருந்தாலோ, கால் பலம் இழந்துகொண்டே போனாலோ ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாதாம். எனக்கு அப்படி எதுவும் இல்லை. வலிக்குப் பயந்துதான் கால் எம்ப மறுக்கிறது என்றார். பிதுங்கிய வட்டு பலருக்கு மெல்ல மெல்லத் தானாகவே சுருங்கிக்கொள்ளும், கத்தி இல்லாமல் முதலில் முயன்று பார்ப்போம் என்றும் சொன்னார். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் கேன்டீனில் எனக்கு ஒரு காபியும் தனக்கு இரண்டு காபியும் வாங்கினார்.

வார்டில் இரவுகள் நீளமானவை. புரண்டு படுக்க ஒவ்வொரு முறையும் யோசனை செய்ய வேண்டும். வீட்டுக்காரர் பில் கட்டுமிடத்தில் டோல்கேட்டில் நிற்கும் முகத்தோடு நின்று கட்டிவிட்டு லோடுக்குக் கிளம்பிவிட்டார். ஆனால் தினமும் கூப்பிடுவார். பேச விஷயம் தீர்ந்ததும் போனை டேஷ்போர்டில் வைத்துவிடுவார். வண்டி ஓடுகிற சத்தம் கேட்கும். கியர் மாற்றுவது கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே நான் தூங்கிப்போவேன்.

அங்கேதான் டாக்டர் நிவேதாவைப் பார்த்தேன். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தார். ஆபரேஷன் இல்லாமல் இடுப்பு வலிக்குச் செய்கிற வைத்தியங்களில் எது எவ்வளவு உதவுகிறது என்பதுதான் அவருடைய ஆய்வு. சேர்கிறீர்களா, விருப்பம் இல்லாவிட்டாலும் வைத்தியம் நடக்கும் என்று பொறுமையாக விளக்கினார். சிலருக்கு உடற்பயிற்சி, சிலருக்குச் சூடும் மெல்லிய மின்சாரமும் வைக்கும் மெஷின், சிலருக்கு மாத்திரையும் நடக்கச் சொல்லும் அறிவுரையும். யாருக்கு எது என்பதை அவர் முடிவு செய்ய மாட்டார், கம்ப்யூட்டர் சீட்டுப் போட்டு எடுக்கும்.

"சாமிகிட்டப் பூக் கேக்கற மாதிரிங்களா?" என்றேன்.

"அப்படியே வச்சுக்கோங்கம்மா. ஆனா இங்க பூசாரிக்கும் முன்கூட்டித் தெரியாது."

எனக்குப் பூ விழுந்தது உடற்பயிற்சிக்கு. எனக்கு ஏமாற்றம்தான். அவ்வளவு பெரிய மெஷின் இருக்கும்போது மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கு, நாலு காலில் நின்று ஒரு கையையும் எதிர்ப்பக்கக் காலையும் நீட்டு என்றால் யாருக்கு நம்பிக்கை வரும்?

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டபின் கொண்டலாம்பட்டியில் தங்கை வளர்மதி வீட்டில் தங்கி, பயிற்சிக்கு வந்துபோனேன். வளர்மதி தன் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் படுத்தாள். நான் குனியக் கூடாது என்று என் செருப்பைக்கூட ஸ்டூல் மேல் எடுத்து வைத்தாள். அதைப் பார்த்து விருந்தாளிகள் முகம் சுளித்தார்கள், அவள் கண்டுகொள்ளவில்லை.

பயிற்சி அறைக்கு வெளியே ஒரு நீளப் பெஞ்சு. அதில் என்னோடு வழக்கமாக இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் இளம்பிள்ளை ஊரிலிருந்து வரும் பாவாயி அக்கா. பொழுதுக்கும் குத்தவைத்துச் சேலை மடித்து அடுக்குகிறவர். அவருக்கு மெஷின் விழுந்திருந்தது. இன்னொருவர் மேட்டூரில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கணேசன் சார். அவருக்கு மாத்திரையும் அறிவுரையும். "வெறும் பேச்சைக் கேட்டுட்டுப் போறதுக்கு மேட்டூர்லேர்ந்து பஸ் ஏறி வரேன்" என்று தினமும் ஒருமுறை சொல்லாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது.

உள்ளே போனதும் நிவேதா கேட்கும் முதல் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான். "வலியே இல்லைன்னா சைபர். தாங்கவே முடியாதுன்னா பத்து. இன்னைக்குப் பத்துக்கு எவ்வளவு வலி?"

ஆரம்பத்தில் உள்ளபடி சொன்னோம். நான் எட்டு, ஏழு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒருநாள் பாவாயி அக்கா பெஞ்சில் இடம் ஒதுக்கி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"அந்தப் புள்ள மொகத்தப் பாத்தீங்களா? எட்டுன்னு சொன்னா வாடிப் போயிருது. நமக்கு நல்லானாத்தான் அதுக்குப் பாஸாமா."

"அப்படியா சொன்னாங்க?"

"சொல்லணுமாக்கும்? பாத்தாத் தெரியுதில்ல. நின்னு நின்னு அதும் இடுப்பப் புடிச்சுக்கிட்டு நிக்குது. காலைல சோறு தின்னுச்சோ என்னமோ. நாம ரெண்டுன்னு சொன்னா கொறஞ்சா போயிருவோம்?"

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் பக்கத்தில் விருந்துக்குப் போனால் சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும் "அருமைங்க" என்று சொல்லிவிட்டு மறுசோறு வாங்குவோம். பரிமாறியவர் முகம் கோணக் கூடாது. நிவேதா எங்களை அம்மா, ஐயா என்று கூப்பிட்டு, கீழே உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டு வைத்தியம் செய்கிற பெண். அவரிடம் போய் "நீங்க செய்யறது ஒண்ணும் கேக்கலைங்க" என்று சொல்ல எங்களுக்கு நாக்கு எழவில்லை. குறை சொல்வதையே தொழிலாக வைத்திருந்த கணேசன் சார்கூட உள்ளே போனதும் "ரெண்டும்மா, ரெண்டரைன்னு வச்சுக்கோங்க" என்றார். அந்த அரை அவருடைய மனசாட்சிக்காக.

அந்தப் பெண்ணின் முகத்தில் வெளிச்சம் வந்தது. எங்களுக்கும் நிறைவாக இருந்தது. இடுப்பு மட்டும் அப்படியே இருந்தது. அதில் என் பங்கும் உண்டு. இரண்டு என்று சொல்லிவிட்டோமே, குணமாகிவிட்டது என்ற தெம்பில் வீட்டுப் பயிற்சிகளை நழுவவிட்டிருந்தேன்.

அப்படியே போயிருக்கும். ஒருநாள் என் வீட்டுக்காரர் வெங்காய லோடை இறக்கிவிட்டு, நாக்பூர் ஆரஞ்சுப் பை ஒன்றோடு ஆஸ்பத்திரிக்கே வந்தார். வண்டி எதிரே சாலையோரம் நின்றது. நிவேதா பொம்பளை லாரி டிரைவரை அதற்குமுன் பார்த்ததில்லையாம். கூடவே வெளியே வந்தார்.

"ஏறி உக்காருங்கம்மா. ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

கம்பியைப் பிடித்தேன். இடது காலை வைத்தேன். எம்பினேன். இடுப்பில் பழைய சுளீர். அப்படியே காலை இறக்கி, கதவில் சாய்ந்து நின்றேன். வீட்டுக்காரர் ஓடி வந்து பிடித்துக்கொண்டார்.

நிவேதா போனைக் கீழே இறக்கினார். "காலைல ரெண்டுன்னு சொன்னீங்களே?"

"ரெண்டுதானுங்க" என்றேன். "அது மரியாதைக்கு ரெண்டுங்க."

"மரியாதை இல்லாம எவ்வளவு?"

"ஏழுங்க."

அவர் போனைக் கோட்டுப் பைக்குள் போட்டார். "மத்தவங்களும் மரியாதைக்காரங்கதானா?" என்று மட்டும் கேட்டார். பெஞ்சுக்குப் பின்னால் இருக்கும் ஜன்னல் சாலைப் பக்கம்தான். பாவாயி அக்கா எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மறுமுறை போனபோது மூவரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். திட்டுவார் என்று நினைத்தோம். திட்டியிருந்தால் பரவாயில்லை.

"நீங்க நல்ல மனசுலதான் சொன்னீங்க. ஆனா அதை நம்பி நான் எழுதிட்டா, இன்னொரு ஊர்ல உங்கள மாதிரி ஒருத்தங்களுக்கு உதவாத வைத்தியத்தைக் கொடுத்து, இது நல்லது, ஆராய்ச்சியில வந்திருக்குன்னு சொல்லுவாங்க. அவங்களுக்கும் வலி போகாது. அவங்களும் மரியாதைக்குப் போயிடுச்சுன்னு சொல்லிட்டு வீட்ல படுத்துக்குவாங்க."

அது எனக்கு உறைத்தது. முன்பின் தெரியாத யாரோ ஒருத்தி, ஏற முடியாத ஏதோ ஒரு படிக்குக் கீழே நிற்பது போல இருந்தது.

"எங்களுக்கு அது தோணலைங்க சாமி" என்றார் பாவாயி அக்கா. "உனக்குப் பரிச்ச போயிருமேன்னுதான்."

"குணமாகலைன்னு தெரிஞ்சாலும் நான் பாஸ்தான் பாட்டிம்மா. பொய்யா குணமானாத்தான் ஃபெயில்."

பாவாயி அக்காவுக்கு அவர் பாட்டிம்மா என்றதில் வருத்தம். மற்றதெல்லாம் ஏற்றுக்கொண்டார்.

எங்கள் மூவரையும் ஆய்விலிருந்து நீக்கிவிட்டார். வைத்தியத்திலிருந்து நீக்கவில்லை. புதிதாக ஆட்களைச் சேர்த்து முதலிலிருந்து தொடங்க அவருடைய பேராசிரியரிடம் அனுமதி வாங்கினார். இந்த முறை எண்ணை மட்டும் கேட்பதோடு நிறுத்தவில்லை. வலியால் நின்றுபோன ஒரு வேலையைச் சொல்லுங்கள், அதை என் கண்முன்னால் செய்து காட்டுங்கள் என்று சேர்த்துக்கொண்டார். ஆய்வில் இல்லாவிட்டாலும் எங்களையும் கேட்டார். பாவாயி அக்கா ஒரு கட்டுச் சேலையை எழாமல் மடித்து முடிக்க வேண்டும் என்றார். கணேசன் சார் மேட்டூர் வரை பஸ்ஸில் உட்கார்ந்தே போக வேண்டும் என்றார். நான் எதைச் சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு பயிற்சியில் ஏய்க்க முடியவில்லை. நிவேதா ஒரு தாழ்ந்த ஸ்டூலைப் போட்டு ஏறி இறங்கச் சொன்னார். அது பழகியதும் கொஞ்சம் உயரமான ஸ்டூல். இடுப்பைத் தூக்குகிற பயிற்சி எனக்கு வெறும் கூத்தாகத் தோன்றியதே, எம்பும்போது உடம்பைத் தாங்குகிற தசைக்குத்தான் அது வேலை கொடுக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. வலித்தால் வலிக்கிறது என்றேன். அவர் அன்றைக்கு அளவைக் குறைப்பார். மறுநாள் ஏற்றுவார். வளர்மதி வீட்டில் அரிசி டப்பாவைப் படியாக்கி ஏறி இறங்கினேன். டப்பா நசுங்கியது, தங்கை அரிசியை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டாள். சாயங்காலம் தெருமுனை வரை நடந்தவள், பிறகு அடுத்த பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். கணேசன் சார் நடந்தே பாதி ஊரைச் சுற்றி, தன் அறிவுரையைத் தானே எல்லோருக்கும் சொல்ல ஆரம்பித்தார். மெஷினை விட்டுப் பயிற்சிக்கு வந்த பாவாயி அக்காதான் "கரண்டு வச்சா சொகமா இருந்துச்சு" என்று கொஞ்ச நாள் ஏங்கினார்.

ஆயுத பூஜை நெருங்கியது. மாற்று டிரைவர் வேறு வண்டி விசாரிப்பதாகக் காதில் விழுந்தது. வீட்டுக்காரர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் நான் மரியாதைக்கு ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயந்திருப்பார்.

பூஜைக்கு முன்தினம் வண்டியைக் கழுவிச் சந்தனம் வைத்து ஆஸ்பத்திரிச் சாலைக்கே கொண்டுவந்து நிறுத்தினார். பாவாயி அக்கா, கணேசன் சார், நிவேதா மூவரும் வெளியே வந்தார்கள். வண்டியின் பக்கம் போனதும் பார்த்தேன். முதல் படிக்குக் கீழே புதிதாக இன்னொரு படி தொங்கியது. நாமக்கல் பட்டறையில் கொடுத்து வெல்டிங் வைத்திருக்கிறார். வழுக்காமல் இருக்கக் கோடு போட்ட தகடு. பெயின்ட்கூடக் காயவில்லை.

"ஏனுங்க, இது எப்பங்க?"

"சும்மா இருக்கட்டும்னு" என்று அவர் டயரைப் பார்த்துச் சொன்னார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் அதில் கால் வைக்கவில்லை. கம்பியைப் பிடித்தேன். பழைய படியில் இடது காலை வைத்தேன். இடுப்பு பிடிக்குமா என்று ஒரு கணம் காத்திருந்தேன். எம்பினேன். அடுத்த நொடி என் சீட்டில் இருந்தேன். ஸ்டியரிங்கில் கை பட்டதும் சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை. கீழே பாவாயி அக்கா கை தட்டினார். வீட்டுக்காரர் போனை எடுத்து அந்த மாற்று டிரைவரைக் கூப்பிட்டார். அவருக்கு நல்ல வண்டியாகத் தானே பார்த்துக் கொடுப்பதாகச் சொன்னார். அதையும் செய்தார்.

"இப்ப எவ்வளவும்மா?" என்று கேட்டார் நிவேதா.

"ரெண்டுங்க. இது நெசமான ரெண்டு."

எந்த வைத்தியம் எல்லோருக்கும் நல்லது என்று அவருடைய ஆய்வு சொல்லப் போகிறதோ, எனக்குத் தெரியாது. அவரும் சொல்ல மறுத்துவிட்டார். முழுசாக முடியட்டும் என்றார். நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே அவருடைய வலது கை தானாக இடுப்பின் பின்னால் போய் அழுத்தியது. ஸ்டூலுக்கும் கட்டிலுக்கும் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிற இடுப்பு.

"டாக்டர்" என்றேன் மேலிருந்து. "உங்களுக்குப் பத்துக்கு எவ்வளவுங்க?"

அவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். "எனக்கா? ரெண்டும்மா."

பெஞ்சுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் கிளீனர் பக்கத்துக் கதவைத் திறந்துவிடவில்லை. என் பக்கத்துக் கதவையே அகலத் திறந்து, உள்ளே நகர்ந்து இடம் விட்டேன்.

"அப்ப ஏறுங்க பாக்கலாம்."

கம்பியைப் பிடித்தார், பழைய படிக்குக் காலைத் தூக்கினார், முகம் சுளித்தார். பிறகு சிரித்துவிட்டுக் காலைக் கீழே இறக்கினார். என் வீட்டுக்காரர் ஆசையாய் வைத்த புதுப் படியில் முதலில் கால் வைத்தது அவர்தான்.